சம்பந்தியின் டார்ச்சில் ஒரு நிலா

கட்டைவிரலில் என்ன கட்டு என்று கேட்டீர்கள். கேட்டது நல்லதாயிற்று, தம்பி. கோவில்பட்டியில் இந்தப் பேருந்தில் ஏறியது முதல் யாரேனும் கேட்கமாட்டார்களா என்றுதான் கையைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி வருகிறேன். நடத்துநர் பார்த்தார், பயணச்சீட்டைக் கிழித்து மற்றொரு கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தென்காசி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. நீங்களும் அங்கேதான் இறங்குவதாகச் சொன்னீர்கள். ஆகவே முறையாகத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். இடையில் எதையேனும் விட்டுவிட்டால் நீங்கள் கேட்கலாம். ஆனால் நான் பொதுவாக எதையும் விடுவதில்லை.

என் பெயர் ஆவுடைநாயகம். நூற்பாலை ஒன்றில் பண்டகசாலையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்துபோயிற்று, படிப்பு முடியவில்லை. மாவட்ட நூலகத்தில் நான் தொடாத அலமாரி கிடையாது. எந்தப் பொருளையும் நானே பிரித்து, நானே பார்த்து, நானே அறிந்துகொண்டவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் பொறாமைக்காரன் அல்லன். என் மனைவி உலகம்மாள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். அவள் இப்போது இந்தப் பேருந்தில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், வடிவு. கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை கார்த்தீசன் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கிறார். தங்கமான பிள்ளை. அவருடைய தகப்பனார்தான் நான் சொல்லவந்த மனிதர். சொர்ணவேல் என்று பெயர். கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறார். அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. கொஞ்சமாகப் பேசுவார். கொஞ்சமாகப் பேசுகிறவர்களை உலகம் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொள்கிறது. அது உலகத்தின் குறை, அவருடைய குறையன்று.

மகள் உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருப்பதால் மாமனார் வீட்டிலேயே இருந்தாள். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பதாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு நடக்கும். அது முடிந்ததும் தாய் தகப்பன் போய்ப் பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். இது நானோ நீங்களோ ஏற்படுத்தியதன்று. அவள் எப்போது வருவாள் என்று நான் நாள்காட்டியைப் பார்த்தபடி இருந்தேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகம்மாள் சொல்வதுபோல டார்ச்சை மட்டும் பார்த்தபடி இருக்கவில்லை.

டார்ச்சுக்கு வருகிறேன். மாப்பிள்ளை விடுப்பில் வந்தபோது இரண்டு தகப்பன்மார்களுக்கும் ஆளுக்கொரு டார்ச் கொண்டுவந்தார். டைட்டானியத்தில் செய்தது. டைட்டானியம் என்பது ஓர் உலோகம், தம்பி. இரும்பைப் போல உறுதி, கையில் எடுத்தால் பாதிக் கனம்தான், துரு என்பதே கிடையாது. சாம்பல் நிறம். ஒரு விரல் நீளம். வெளிச்சமோ எதிர்வீட்டுக் கதவின் பூட்டுத் துளையைக் காட்டும். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றுக்கொன்று மயிரிழை வேறுபாடு கிடையாது. அதுதான் முக்கியம். மாப்பிள்ளை தராசு பிடித்தாற்போலக் கொடுத்தார். தொடங்கும்போது நானும் அந்த மனிதரும் சமமாகத்தான் இருந்தோம்.

ஆயுத பூசை முடிந்த மறுவாரம் வடிவு என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினாள். அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா டார்ச்சப் பாத்தீயளா? அதுல நிலா இருக்குப்பா."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே டார்ச். ஆனால் சாம்பல் நிறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலைப்பக்கம் பொன்னிறம், நடுவில் கத்தரிப்பூ நிறம், அதற்கப்பால் ஆழ்ந்த நீலம். அந்த நீலத்தின் நடுவே வட்டமாக, வெளுப்பாக, முழுநிலா. நிலாவின் நடுவில் களங்கம்போல மங்கலாக ஒரு புள்ளிகூட இருந்தது. ஆகாயத்தைச் சுருட்டி ஒரு குழாயில் சுற்றிவைத்தாற்போல இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். வடிவு சொன்னாள்.

"எப்படிச் செய்தாராம்?"

"தெரியலப்பா. கேட்டா சிரிக்காவ. என்ன அழகா இருக்கு பாருங்க. நான் தெனமும் எடுத்து எடுத்துப் பாக்கேன்."

தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாளாம். சிறுபிள்ளையாக இருந்தபோது அவளுக்கு நான் செய்துகொடுத்த காற்றாடி, தகரக் கப்பல், கண்ணாடித் துண்டுகளில் வண்ணம் காட்டும் குழல், இவற்றையெல்லாம் அவள் அப்படித்தான் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். அதை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான். நினைத்துக்கொள்வது பொறாமையாகாது.

அந்தச் சமயத்தில் அவள் வேறு ஏதோ சொன்னாள். "அப்பா, நான் சொன்னது ஞாபகம் இருக்கா? பொறவாசல்ல கொத்தனார விட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டு மாத்தணும்னேனே. இப்பவே கீழ உக்காந்து எந்திரிக்க முடியல." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். படத்தில் அந்த நீலம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் என் கவனம் இருந்தது.

சம்பந்தியையே கேட்டுவிடலாம் என்று எண்ணினேன். நேரடியாகக் கேட்பது மரியாதையாக இராது. ஆகவே வேறு காரணம் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சோடு பேச்சாக, "உங்கள் டார்ச்சில் ஏதோ நிறமெல்லாம் தெரிகிறதாமே?" என்றேன்.

"அதா? அது தானா வந்துட்டு சம்மந்தி. நான் ஒண்ணும் பண்ணல" என்றார்.

கேட்டீர்களா? தானாக வந்துவிட்டதாம். தானாக வருவதற்கு அது என்ன தலைநரையா? ஒரு வித்தையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, சம்பந்தி ஆயிற்றே என்றுகூடப் பாராமல் மறைக்கிறார். அன்றைக்கு நான் உலகம்மாளிடம் சொன்னேன், இந்த மனிதர் ஆழமானவர் என்று. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அவிய ஆழமோ மேடோ, நீங்க கொத்தனாருக்குச் சொன்னீயளா?" என்றாள். என் வீட்டில் யாரிடமும் ஒரு பொருளைப் பற்றித் தொடர்ச்சியாகப் பேச முடியாது, தம்பி.

சரி, நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். டைட்டானியத்தைச் சூடேற்றினால் அதன் மேல்தோலில் நிறங்கள் எழும் என்பதை மூன்றாம் நாளே அறிந்துகொண்டேன். சாயமன்று, பூச்சன்று, வெப்பத்தால் எழும் மெல்லிய படலம். எவ்வளவு சூடோ அவ்வளவு நிறம். கைப்பேசியில் வெள்ளைக்காரர் ஒருவர் செய்துகாட்டினார். அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய கைகளை மட்டும் பார்த்தேன். கைகள் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

முதல் முயற்சி அடுப்படியில். டார்ச்சைக் கழற்றி, மின்கலத்தை எடுத்து, விளக்குப் பகுதியை எடுத்து, கண்ணாடியையும் எடுத்துவிட்டு, வெறும் குழாயைக் குறட்டில் பிடித்துத் தீயில் காட்டினேன். உள்ளே தண்ணீர் புகாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் வைத்திருக்கிறார்கள். அதை எடுக்க மறந்துபோனேன். வீடே டயர் எரிந்தாற்போல நாறிற்று.

"சாம்பாரு எறக்கி வச்சிருக்கேன், அதுல போயி நாத்தம் எறங்குது" என்றாள் உலகம்மாள். "ஏன் இந்தப் பாடு? நல்லா எரிஞ்ச டார்ச்தானே?"

"ஆராய்ச்சி" என்றேன்.

"அவிய வீட்டு டார்ச்சப் பாத்துட்டு வந்த ஆராய்ச்சி."

அன்று முதல் அடுப்படி எனக்கு மறுக்கப்பட்டது. ஆகவே பின்னறைக்கு இடம் மாறினேன். நல்ல அறை. சன்னல் கிழக்கே பார்த்தது, காற்று வரும். வடிவு கல்யாணத்துக்கு முன்பு இருந்த அறை அதுதான். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்திவிட்டு, ஒரு மேசை போட்டு, அதில் பிடிகுறடு ஒன்றைத் திருகி, இரும்புக் கடையில் கையடக்கமான கேஸ் பர்னர் ஒன்றும் வாங்கிவைத்தேன். அரம், உப்புத்தாள், செம்புக்கம்பி, பல்துலக்கும் பிரஷ். அவ்வளவுதான் சாதனம். பெரிய பட்டறை தேவையில்லை. மனம்தான் பட்டறை.

இரண்டாம் முயற்சியில் நிறம் வந்தது, தம்பி. அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். சாம்பல் குழாயில் தீயின் முனை பட்டுக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று வைக்கோல் நிறம் ஒன்று பனிபோலப் படர்கிறது. பிறகு பொன். பிறகு பழுப்பு. பிறகு கத்தரிப்பூ. பிறகு நீலம். ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று மற்றொன்றைத் துரத்திக்கொண்டு குழாய் நெடுக ஓடுகின்றன. உலகம்மாள்கூட வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்கு நிறமெல்லாம் சேலைக்கடை மொழியில்தான் விளங்கும். "இது மாம்பழ மஞ்ச. இது வாடாமல்லி. அந்தா, மயில்கழுத்து" என்றாள். பிறகு, "அதென்ன, நடுவுல அழுக்கு மாதிரி?" என்றாள்.

அழுக்கன்று, என் விரல். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையால் பிடித்திருக்கிறேன். எண்ணெய் பட்ட இடமெல்லாம் பழுப்புத் திட்டாக, ரேகையோடு பதிந்துவிட்டது. நீலத்தின் நடுவே என் கட்டைவிரல், பத்திரப்பதிவு அலுவலகத்தில் வைத்தாற்போல. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மறுபடி சாம்பலாக்கினேன். இந்த உலோகத்தில் அது ஒரு வசதி. தவறு செய்தால் தேய்த்துவிடலாம்.

நிறம் வந்துவிட்டது. நிலாதான் வரவில்லை.

கார்த்திகை முழுவதும் அந்த நிலாவுக்காகவே போயிற்று. காசைக் கட்டிவைத்துச் சூடேற்றிப் பார்த்தேன். காசின் விளிம்பில் ஒரு பிறை விழுந்தது, அதுவும் கோணலாக. தகரத்தை வட்டமாக வெட்டிக் கம்பியால் இறுக்கினேன். ஏதோ பூச்சி கடித்த தடிப்பு மாதிரி ஒன்று வந்தது. விபூதியைக் குழைத்துப் பூசினேன், உதிர்ந்துவிட்டது. மஞ்சள் பூசினேன், கருகிவிட்டது. உலகம்மாளின் தங்கை மகள் வந்திருந்தபோது அவளுடைய நகப்பூச்சைக் கேட்டு வாங்கிப் பூசினேன். "பெரியப்பாவுக்கு என்னாச்சு பெரியம்மா?" என்று அந்தப் பெண் கேட்டது என் காதில் விழுந்தது. "அவியளுக்கு நெலா வேணுமாம்ளா" என்றாள் இவள்.

வடிவு கூப்பிடும்போதெல்லாம் அவளிடம் விவரமாகச் சொன்னேன். மகள் அல்லவா, அவளுக்கும் இதில் ஆர்வம் இருந்தது. "இன்றைக்குக் கத்தரிப்பூ நிறம் நின்றுவிட்டது வடிவு. தீயை எடுத்த பிறகும் நிறம் நகர்கிறது; ஆகவே ஒரு படி முன்பாகவே நிறுத்தவேண்டும்" என்பேன். "சரிப்பா" என்பாள். "அப்பா, என் ரூம்ல கட்டில் போட்டாச்சா?" என்பாள். "அறை நல்ல பயன்பாட்டில் இருக்கிறது" என்பேன். உண்மைதானே. "கால் ரொம்ப வீங்குதுப்பா" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்குத்தான் என் பர்னரில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. எனக்கும் மனம் சரியில்லை.

பேச்சு முடியும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "உன் மாமனார் டார்ச்சில் புதிதாக ஏதும் செய்தாரா?"

"இல்லப்பா. அவிய கடைக்குப் போயிட்டு வந்தா கொத்தனாரோட நிக்காவ. இங்க ஏதோ வேல நடக்கு."

பார்த்தீர்களா, வெளியே ஒன்று உள்ளே ஒன்று. கொத்தனாரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் என்ன செய்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு படத்தைக் காட்டி என்னைத் தூண்டிவிட்டு, அடுத்ததை வளைகாப்பன்று எல்லாச் சனங்களுக்கு முன்பும் எடுத்துக் காட்டுவதற்காக வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். நானாக இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆகவே நிலாவை விட்டுவிட்டேன். அவருடைய நிலாவைப் போல இன்னொரு நிலா செய்தால் அது நகல்தானே? அவரால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்வது என்று தீர்மானித்தேன். குழாயைச் சுற்றி அரத்தால் வளைய வளையமாகக் காடி, அதாவது மெல்லிய பள்ளம், எடுத்தேன். ஒவ்வொரு காடியும் ஒரே ஆழம். கை வலிக்கும்போதெல்லாம் நிறுத்திவிட்டு, விரலை உதறிக்கொண்டு மறுபடி. பிறகு காடிகளில் செம்புக்கம்பியை இறுகச் சுற்றினேன். கம்பி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கம்பி இருக்கும் இடத்தில் ஒரு நிறம், இல்லாத இடத்தில் வேறு நிறம். வளையல் அடுக்கினாற்போல வரும் என்பது என் கணிப்பு. வளைகாப்புக்குப் பொருத்தம் பாருங்கள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

ஒரு பெயரும் பொறிக்கலாம் என்று தோன்றிற்று. எந்தப் பெயர் என்று சற்று யோசித்தேன். செய்தவன் பெயரைப் போடுவதுதான் முறை. ஊசிமுனையால் "ஆ. நா." என்று வெட்டினேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் கடைசிச் சூடு. குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் பிடித்து, என் தோல் அதில் படாமல் குறட்டில் ஏற்றினேன். உலகம்மாள் முறுக்கு, அதிரசம் என்று சீர்ப் பலகாரத்தை டப்பாக்களில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "வந்து இந்த மூடியப் பிடிங்களேன்" என்றாள். இந்த நேரத்தில் எப்படிப் போவது? பொன் வந்தது. பொன்னுக்குள் வாடாமல்லி வந்தது. நீலம் கிளம்பி வரும்போது தீயை எடுத்துவிட்டேன். நீலம் வந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் வெளுத்துவிடும். தண்ணீர்க் கிண்ணம் கைக்கு எட்டவில்லை. குறட்டை முழுவதும் அவிழ்க்க நேரமில்லை. பாதி தளர்த்தி, வெறுங்கையால் உருவித் தண்ணீரில் போட்டேன்.

இதுதான் இந்தக் கட்டு. வலித்ததா என்று கேட்கிறீர்கள். கம்பியைப் பிரித்து, குழாயைத் துடைத்துப் பார்க்கும்வரை வலிக்கவில்லை. பொன், வாடாமல்லி, மயில்கழுத்து. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே மெல்லிய பொன் இழை. கை நிறைய வளையல் அடுக்கியதைப் போலவே இருந்தது.

உலகம்மாள் மஞ்சளைக் குழைத்துக் கையில் அப்பினாள். குழாயைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சுவரில் சாத்தியிருந்த கட்டிலைப் பார்த்து, "புள்ளைக்கு ரூம ஒதுங்க வைக்கலையே" என்றாள். வந்த பிறகு ஒதுக்கிக்கொள்ளலாம் என்றேன்.

நேற்று வளைகாப்பு. நல்ல கூட்டம். வடிவு பட்டுச்சேலையில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் பூரித்து, கண்ணெல்லாம் ஒளியாக இருந்தாள். கணுக்கால் மட்டும் சற்றுப் பருத்திருந்தது. பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள். நான் சட்டைப்பையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது, ஆண்கள் கூடத்தில் நான் தொடங்கினேன்.

"சம்பந்தி, உங்கள் டார்ச்சைக் கொஞ்சம் கொண்டுவாருங்கள். எல்லோரும் பார்க்கட்டும்."

அவர் உள்ளே போய் எடுத்துவந்தார். விளக்கும் மின்கலமும் மறுபடி பூட்டிக் கொண்டுவந்திருந்த என்னுடையதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். கூடத்தில் எல்லாத் தலையும் அங்கே திரும்பிற்று, தம்பி. நான் மிகைப்படுத்துகிறவன் அல்லன். அவர்கள் உறவுக்காரர் ஒருவர், மீசைக்காரர், கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏயப்பா, இது கையாலயா செஞ்சீய? மெசின்ல வச்சாலும் வராதுவே இது."

சொர்ணவேல் அதை வாங்கினார். சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். காடிகளை நகத்தால் தடவினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சம்மந்தி, இதுதான் வேல" என்றார். "என்னது வேலையே இல்ல."

"ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? அந்த நிலாவை எப்படி வரவழைத்தீர்கள் என்று எத்தனையோ நாளாக..."

அவர் சிரித்துவிட்டார். "அது நிலா இல்ல சம்மந்தி. ஆயுத பூசைக்குத் தராசு, மிட்டாய்க் கத்தி எல்லாத்துக்கும் பொட்டு வச்சா எங்க வீட்டுல. டார்ச்சும் பக்கத்துல இருந்துச்சா, அதுக்கும் சந்தனத்த வச்சு நடுவுல குங்குமத்த வச்சிட்டா. நான் தொடைக்கல. பொறவு பேட்டரிய எடுத்துட்டுப் பாத்தா முன்மூடி இறுகிக்கிட்டு. பாகு அடுப்புல கொஞ்சம் காட்டினா எளகும்னு காட்டினேன். கொஞ்சம் கூடிப் போச்சு. எடுத்துப் பாத்தா இப்படி ஆயிருக்கு. பய ஆசையா வாங்கிட்டு வந்தத கெடுத்துட்டமேன்னு நான் மறைச்சுல்லா வச்சிருந்தேன். வடிவுதான் கண்டுபிடிச்சுப் படம் எடுத்தா."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். விளங்குகிறதா உங்களுக்கு? சந்தனப் பொட்டு. ஒரு பொட்டைத் துடைக்க மறந்த சோம்பல்தான் நிலாவாக நின்றிருக்கிறது. நான் தோற்ற பொருள் கலையே அன்று, தற்செயல். இதைவிடத் தெளிவான வெற்றி ஒருவனுக்குக் கிடைக்குமா? அப்படியிருந்தும், தம்பி, ஓர் உறுத்தல். ஒரு தற்செயலைத்தான் என் மகள் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

கிளம்பும் நேரம் வந்தது. வண்டி பேசியிருந்தேன். வடிவுவின் பெட்டி எங்கே என்று உலகம்மாளைக் கேட்டேன். அவள் வடிவுவைப் பார்த்தாள். வடிவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கோவிச்சுக்கிடாதீய. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். அம்மா எங்கூட இருக்கட்டும்."

"வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே."

"ஆஸ்பத்திரி இங்க பக்கம்ப்பா. எனக்கு இங்க வசதியா இருக்கு."

வசதி. நான் எழுந்து கை கழுவப் புறவாசலுக்குப் போனேன். அங்கே போய்ப் பார்த்தால், புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். தரையில் வழுக்காத ஓடு, மேல்நாட்டுக் கழிப்பறை, உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் பளபளவென்று ஒரு கம்பி. நான் அந்தக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. சொர்ணவேல் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எதற்கு இவ்வளவு ஆடம்பரம்?" என்றேன்.

"வடிவு கேட்டா சம்மந்தி."

பார்த்தீர்களா? அவரிடம் கேட்டிருக்கிறாள். இதுதான் என் மனத்தை அறுக்கிறது. பெற்ற தகப்பன் நான் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செய்யமாட்டேனா? ஒரு குழாயில் வளையல் அடுக்கத் தெரிந்தவனுக்குச் சுவரில் ஒரு கம்பி அடிக்கத் தெரியாதா? கேட்கவேண்டியதை மாமனாரிடம் கேட்கிறாள். என்னிடம் கால் வீங்குகிறது, கட்டில் போட்டாயிற்றா என்று சில்லறைப் பேச்சுப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாள்.

பேசிய வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, இரவு அங்கேயே தங்கி, இன்று காலையில் நான் மட்டும் புறப்பட்டேன். விடைபெறும்போது வடிவு கையை நீட்டினாள். "அப்பா, உங்க டார்ச்ச எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. ராத்திரி எந்திரிக்கையில வேணும்." கொடுத்தேன். அவள் அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள். எழுத்தைத் தடவினாள். "உங்க பேரா போட்டிருக்கீய?" என்றாள்.

"மாமனாருடையதைவிட நன்றாக இருக்கிறதா?"

அவள் என் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மருந்து போட்டீயளா இதுக்கு?" என்றாள்.

கவனித்தீர்களா, பதில் சொல்லவில்லை. டார்ச்சைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். அவருடையதும் அதே தட்டில்தான் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். நான் உலகம்மாளைத் தனியே அழைத்து, பிள்ளை எழுந்திருக்கும்போது எந்த டார்ச்சை எடுக்கிறாள் என்று பார்த்துச் சொல், அவளுக்குத் தெரியாமல் பார், என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கழுகுமலை தாண்டியதிலிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பகலிலும் புறவாசல் இருட்டாகத்தான் இருக்கும். ஒருமுறையாவது எடுத்திருப்பாள் அல்லவா? நான் வேறொன்றும் கேட்கப்போவதில்லை. எந்த டார்ச் என்பது மட்டும்.

உங்களிடம் கைப்பேசி இருக்கிறதல்லவா, தம்பி? கொஞ்சம் கொடுங்கள். என் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்காமல் இருக்கிறாள். புதிய எண் என்றால் எடுத்துவிடுவாள்.